ஒரு காருக்கு ரெண்டு இன்ஜின்... பவர் டபுள், வேகமும் டபுளா?

புது பைக்கோ காரோ வாங்கினால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை சிசி?'. அடுத்தது, 'எவ்வளவு பவர்?'. வாங்கி ஆறு மாதம் ஓட்டியதும் நமக்கே தோன்றும்: 'இன்னும் கொஞ்சம் பவர் இருந்தா செமயா இருக்குமே!'

இந்த ஆசை முற்றிப்போனால் என்ன ஆகும்? 1950-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்களுக்கு முற்றிப்போனது. காரில் ஒரு இன்ஜின் போதவில்லை என்று, இன்னொன்றையும் தூக்கி வைத்துவிட்டார்கள்!

300 குதிரை சக்தி இன்ஜின் ரெண்டு இருந்தால் 600. கணக்கு சரிதானே? நோட்டுல சரி. ரோட்டுல வந்தா வேற கதை. அந்தக் கதையைத்தான் இப்போ பார்க்கப்போறோம்.

ஹாட் ராடுன்னா என்ன?

பழைய காரை எடுத்து, தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்து, இன்ஜினை ட்யூன் செய்தோ மாற்றியோ, வேகத்துக்காகவே மறுபடி உருவாக்கிய கார்தான் ஹாட் ராட். 1930-களிலேயே இந்தப் பழக்கம் ஆரம்பித்துவிட்டது. ஃபோர்டின் மாடல் டி, மாடல் ஏ கார்கள் பழைய மார்க்கெட்டில் சல்லிசாகக் கிடைத்தன. மட்கார்டைக் கழற்று, பானெட்டைக் கழற்று, எடையைக் குறை, வேகத்தைக் கூட்டு. இவ்வளவுதான் ஃபார்முலா.

1932-ல் ஃபோர்டு ஒரு வேலை செய்தது. சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில், 65 குதிரை சக்தி கொண்ட 3.6 லிட்டர் வி8 இன்ஜினைக் காரில் வைத்து விற்றது. ஹாட் ராட் பசங்களுக்கு அது வரம். கலிஃபோர்னியாவில் காய்ந்துபோன ஏரிகள்தான் ரேஸ் மைதானம். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் பலருக்கு மெக்கானிக் வேலை அத்துப்படி. கை சும்மா இருக்குமா? ஹாட் ராட் மோகம் நாடு முழுக்கப் பரவியது.

1951-ல் என்.ஹெச்.ஆர்.ஏ எனும் தேசிய ஹாட் ராட் சங்கம் வந்தது. ரெண்டு கார், நேர்க்கோடு, கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர். யார் முதலில் தொடுகிறார்களோ அவர்தான் கெத்து. இதுதான் டிராக் ரேஸ்.

ரெண்டு இன்ஜின் வைக்க என்ன அவசியம்?

சும்மா பந்தாவுக்காக மட்டும் இல்லை. ஒரு தடைதான் இதற்கு உரம் போட்டது.

டிராக் ரேஸ் கார்களுக்கு அப்போது நைட்ரோமீத்தேன் எனும் எரிபொருள்தான் ரகசிய ஆயுதம். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். காரணம், அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வரும் பயணி மாதிரி. கிலோ கணக்கில் பார்த்தால் பெட்ரோலைவிட இதில் ஆற்றல் குறைவுதான். ஆனால், இன்ஜின் இழுக்கும் அதே காற்றுக்கு எட்டு மடங்குக்கும் மேல் எரிபொருளைக் கொட்டலாம். மொத்தத்தில் ரெண்டு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் கிடைக்கும்.

கார்களின் வேகம் எகிறியது. பாதுகாப்பை யோசித்த என்.ஹெச்.ஆர்.ஏ, 1957-ல் நைட்ரோவுக்குத் தடை போட்டது. இனி பெட்ரோல் மட்டும்தான்.

'எரிபொருளில் கை வைக்கக் கூடாதா? சரி, இன்ஜின் எத்தனை வேணும்னாலும் வைக்கலாம்ல?' என்று ஆரம்பித்ததுதான் இரட்டை இன்ஜின் டிராக் கார்களின் பொற்காலம். 1961-ல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த முதல் விண்டர்நேஷனல்ஸ் போட்டியில் ஜாக் கிரிஸ்மன் ஜெயித்தது, ரெண்டு செவர்லே இன்ஜின்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காரில்தான்.

மூணு விதமான நுகத்தடி

ரெட்டை மாட்டு வண்டி பார்த்திருக்கீங்களா? ரெண்டு மாடும் பலசாலியாக இருந்தால் மட்டும் போதாது. ஒன்று ஓடி, இன்னொன்று நடந்தால் வண்டி கோணிக்கொள்ளும். ரெண்டையும் சேர்த்துப் பிடிப்பது நுகத்தடி. இரட்டை இன்ஜின் காரில் உண்மையான சவால் இன்ஜின் இல்லை, அந்த நுகத்தடிதான். அதை மூன்று விதமாகச் செய்யலாம்.

ஒன்று, வரிசையாக. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, முன் இன்ஜினின் க்ராங்க்ஷாஃப்டைப் பின் இன்ஜினின் க்ராங்க்ஷாஃப்டோடு இணைப்பது. ஜான் பீட்டர்ஸின் புகழ்பெற்ற இரட்டை இன்ஜின் காருக்குப் பெயரே 'ஃப்ரெய்ட் ட்ரெய்ன்', நம்ம பாஷையில் கூட்ஸ் வண்டி! இதில் சிக்கல் என்ன? பின் இன்ஜினின் க்ராங்க்ஷாஃப்ட், தன் சுமையோடு முன் இன்ஜினின் சுமையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். ஒரு ஆளுக்காகச் செய்த நாற்காலியில் ரெண்டு பேர் உட்காருவது மாதிரி.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாதாரண வி8 இன்ஜினில் க்ராங்க்ஷாஃப்ட் 90 டிகிரி சுற்றுவதற்கு ஒரு முறை ஏதாவது ஒரு சிலிண்டர் வெடிக்கும். ரெண்டு இன்ஜினும் ஒரே நேரத்தில் வெடித்தால், இணைப்பின்மேல் சம்மட்டி அடி. 45 டிகிரி தள்ளி இணைத்தால், ஒன்று மாற்றி ஒன்று வெடித்து 16 சிலிண்டர் இன்ஜின் மாதிரி மிருதுவாகச் சுற்றும்.

ரெண்டு, பக்கத்தில் பக்கத்தில். ரெண்டையும் பல்சக்கரத்தால் நேரடியாக இணைத்தால், ஒன்று வலமாகச் சுற்றும்போது மற்றது இடமாகத்தான் சுற்றும். அப்போது ஒரு இன்ஜினைத் தலைகீழாக ஓடும்படி மாற்றணும். கேம்ஷாஃப்ட், இக்னிஷன் டைமிங் எல்லாமே மாறும். வேண்டாமென்றால் நடுவில் இன்னொரு பல்சக்கரமோ, செயினோ வைக்க வேண்டும்.

மூணு, ஆளுக்கொரு ஆக்ஸில். ஒரு இன்ஜின் முன் சக்கரங்களை இழுக்கும். இன்னொன்று பின் சக்கரங்களைத் தள்ளும். நடுவில் எந்த இணைப்பும் வேண்டாம். ரோடுதான் நுகத்தடி! 1966-ல் அமெரிக்க டிராக் மைதானங்களில் சுற்றிய 'ஹேரி ஓல்ட்ஸ்' இந்த ரகம். நாலு டயரும் ஒரே நேரத்தில் புகையும்போது கார் இருப்பதே தெரியாது. கூட்டம் அதைப் பார்க்கத்தான் வந்தது.

இதே ஐடியாவை ரொம்ப சாதுவாகச் செய்தது பிரான்ஸின் சிட்ரோன். 2சிவி சஹாரா என்ற காரில் முன்னால் ஒரு 425 சிசி இன்ஜின், டிக்கியில் இன்னொன்று. ரெண்டு சாவி, ரெண்டு பெட்ரோல் டேங்க், ஆனால் ஒரே கியர் லீவர். பாலைவன மணலில் மாட்டாமல் இருக்க நாலு சக்கரத்துக்கும் பவர் வேண்டும். ஒன்று மக்கர் செய்தாலும் இன்னொன்றை வைத்து வீடு வந்து சேரலாம். மொத்தம் 694 கார்கள்தான் தயாராயின.

பவர் வந்தது... கூடவே என்னவெல்லாம் வந்தது?

முதலில் எடை. ஹாட் ராட் ஆட்களின் செல்லமான செவர்லே ஸ்மால் பிளாக் வி8 இரும்பு இன்ஜின் சுமார் 260 கிலோ. ரெண்டு வைத்தால் 520 கிலோ. 1908-ல் வந்த மாடல் டி காரின் மொத்த எடையே சுமார் 540 கிலோதான்! அதாவது, காரின்மேல் இன்னொரு காரை ஏற்றி வைக்கிறோம். பழைய சேஸி தாங்காது. புதிதாகச் செய்ய வேண்டும். ரேடியேட்டர், ஆயில், எக்ஸாஸ்ட் எல்லாமே ரெண்டு மடங்கு. த்ராட்டில் கம்பியில் ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும், ஒரு இன்ஜின் உழைக்க, இன்னொன்று சவாரி செய்யும்.

அடுத்தது டயர். எவ்வளவு பவர் இருந்தாலும், அது ரோட்டைத் தொடுவது உள்ளங்கை அகல ரப்பர் வழியாகத்தான். 1935-ல் இத்தாலியில் என்ஸோ ஃபெராரியின் ரேஸ் அணி, டிரைவருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என ரெண்டு இன்ஜின்கள் வைத்து ஆல்ஃபா ரோமியோ பைமோட்டோரே காரை உருவாக்கியது. நேர் ரோட்டில் நுவோலாரி மணிக்கு 320 கிமீ-க்கு மேல் பறந்தார். ஆனால், ரேஸில்? டயர்கள் தேய்ந்து கிழிந்துகொண்டே இருந்தன. டயர் மாற்றி மாற்றியே நேரம் போனது. ஜெர்மனியின் அவுஸ் மைதானத்தில் இதே ரக காரை, டயரைக் காப்பாற்றி நிதானமாக ஓட்டிய லூயி ஷிரோனுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. பவருக்காகவே செய்த கார். ஜெயிக்க வேண்டுமென்றால் பவரைக் குறைத்து ஓட்ட வேண்டும்!

அமெரிக்காவின் பானவில் உப்புப் பாலைவனமும் இதையேதான் சொன்னது. 1930-களின் இறுதியில் ரெண்டு பிரிட்டிஷ்காரர்கள் அங்கே உலக வேக சாதனைக்கு மோதினார்கள். ஜார்ஜ் ஐஸ்டனின் தண்டர்போல்ட்டில் ரெண்டு ரோல்ஸ் ராய்ஸ் விமான இன்ஜின்கள். எடை சுமார் 7 டன். ஜான் காப்பின் ரெயில்டன் காரிலும் ரெண்டு இன்ஜின்கள்தான். பவர் குறைவு, ஆனால் எடை அதில் பாதிக்கும் கீழே. காப், ஆளுக்கொரு ஆக்ஸில் முறையில் நாலு சக்கரத்துக்கும் பவரைப் பிரித்துக்கொடுத்தார். ஐஸ்டன் தொட்டது மணிக்கு 575 கிமீ. 1939-ல் காப் தொட்டது 595. போருக்குப் பிறகு, 1947-ல் அதையும் 634 ஆக்கினார். அதிக பவர் தோற்றது. பவரை ஒழுங்காக ரோட்டில் இறக்கியது ஜெயித்தது.

ஒரு ஷாஃப்ட், ஒரு கனவு

காப்பின் சாதனையை உடைக்கக் கிளம்பியவர் மிக்கி தாம்ப்ஸன். கலிஃபோர்னியா ஹாட் ராட் பையன். அவரின் சேலஞ்சர் காரில் இருந்தது ரெண்டு இல்லை, நாலு பான்டியாக் வி8 இன்ஜின்கள். 1960 செப்டம்பர் 9. பானவில் உப்பின்மேல் மணிக்கு 654 கிமீ! காப்பின் சாதனையைவிட 20 கிமீ அதிகம்.

ஆனால், விதி ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். ரெண்டின் சராசரிதான் சாதனை. திரும்பும் ஓட்டத்தில் டிரைவ்ஷாஃப்ட் உடைந்தது. நாலு இன்ஜினும் நன்றாகத்தான் இருந்தன. பவரைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகம் கைவிட்டது. சாதனைப் புத்தகத்தில் அந்த 654 ஏறவில்லை.

ஐந்து வருடம் கழித்து, 1965 நவம்பரில், சம்மர்ஸ் சகோதரர்கள் நாலு க்ரைஸ்லர் ஹெமி இன்ஜின்களை ஒரே வரிசையில் வைத்து, பென்சில் மாதிரி ஒல்லியான கோல்டன்ராட் காரைக் கொண்டுவந்தார்கள். ரெண்டு பக்கமும் ஓடி முடித்தார்கள். சராசரி 658 கிமீ. சக்கரத்தால் ஓடும் கார்களில் அன்றைய உலக சாதனை.

உடைந்தால் யார்மேல் விழும்?

சாதனை போனால் மறுபடி முயற்சி செய்யலாம். உடம்பு போனால்?

1970-ல் டான் கார்லிட்ஸ் என்ற டிராக் ரேஸ் ஜாம்பவானின் காரில் ஸ்டார்ட்டிங் லைனிலேயே ட்ரான்ஸ்மிஷன் வெடித்தது. அவரின் வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. அதில் இருந்தது ஒரே இன்ஜின்தான். டிரைவருக்கு முன்னால் இன்ஜின், அவர் கால்களுக்கு நடுவே ட்ரான்ஸ்மிஷன் என்பதுதான் அன்றைய வடிவமைப்பு. மருத்துவமனையில் இருந்தபோதே, இன்ஜினை டிரைவருக்குப் பின்னால் வைக்கும் காரை கார்லிட்ஸ் யோசிக்க ஆரம்பித்தார். அடுத்த வருடம் அதே காரோடு வந்து விண்டர்நேஷனல்ஸை ஜெயித்தார். பிறகு அந்த ரகக் கார்கள் எல்லாமே அப்படி மாறின.

இரட்டை இன்ஜின் காரில் சுற்றும் பாகங்களும் இணைப்புகளும் இன்னும் அதிகம். அதனால் விவரமான பில்டர் முதலில் செய்வது இன்ஜினை இல்லை. க்ளட்ச்சைச் சுற்றி இரும்புக் கவசம், உருண்டாலும் நசுங்காத ரோல் கேஜ், ரெண்டு இன்ஜினையும் பெட்ரோலையும் ஒரே தட்டில் நிறுத்தும் ஸ்விட்ச், அப்புறம் பிரேக். இதெல்லாம் முடிந்த பிறகுதான் இன்ஜின் உள்ளே இறங்கும்.

கடைசியில் ஜெயித்தது யார்?

1963-ல் நைட்ரோ தடை தளர ஆரம்பித்தது. அதோடு இரட்டை இன்ஜின்களின் ஆதிக்கமும் இறங்கியது. நைட்ரோ குடிக்கும் ஒரே இன்ஜின், பெட்ரோல் குடிக்கும் ரெண்டு இன்ஜினுக்குச் சமமான பவரைத் தந்தது. அதுவும் பாதி எடையில். இன்றைய டாப் ஃப்யூயல் கார்களில் ஒரே ஒரு 8.2 லிட்டர் வி8 இன்ஜின்தான். பவர் சுமார் 11,000 குதிரை!

அப்புறம் ஏன் இன்றைக்கும் சிலர் ரெண்டு இன்ஜின் ஹாட் ராட் செய்கிறார்கள்? ஆசைதான். ரெண்டு வி8 ஒரே தாளத்தில் உறுமும்போது, 'இது ஓடாதுன்னு சொன்னாங்க, ஓட வெச்சுட்டேன் பார்' என்ற திருப்தி.

நம்ம ஊரில் இதை ரோட்டில் ஓட்ட முடியாது. கம்பெனி கொடுத்த வண்டியின் அடிப்படையை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்கிறது. ஆனால், பைக்கில் ஏதாவது மாற்றலாமா என்று யோசிக்கிற எல்லோருக்கும் இந்தக் கதையில் ஒரு சேதி இருக்கு. அடுத்த முறை 'இன்னும் கொஞ்சம் பவர் வேணும்' என்று தோன்றினால், முதலில் கீழே குனிந்து டயரையும் பிரேக்கையும் செயினையும் பாருங்க. இருக்கிற பவரே முழுசா ரோட்டுக்குப் போய்ச் சேருதா? நிறுத்தணும்னா நிக்குதா? மிக்கி தாம்ப்ஸன் அந்த உப்புப் பாலைவனத்தில் மாட்டிக்கொண்டது இன்ஜின் பத்தாமல் இல்லை. ஒரே ஒரு ஷாஃப்ட்டால்தான்!