முதற்காதலுக்குக் குறுக்கே வெளிநாடு

எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பை அடுத்த களுபோவில, தெகிவளைப் பக்கம் வாடகைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு என்றால் பெரும்பாலும் 'அனெக்ஸ்'தான். முன்பக்கம் வீட்டுச் சொந்தக்காரர், பக்கவாட்டில் தனி வாசல், இரண்டு அறை, ஒரு குசினி. அதற்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்த மாமா, தட்டெழுத்துப் படிக்க வந்த சித்தி. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தனியாக இருந்து அழ வேண்டுமானால் குளியலறைக் கதவைத்தான் சாத்த வேண்டும். அதையும் யாராவது தட்டுவார்கள்.

தொலைபேசி இருந்த வீடுகள் சொற்பம். இருந்த வீட்டிலும் இலக்கம் சுழற்றும் வட்டத்தின் துளையில் ஒரு சின்னப் பூட்டுத் தொங்கும். வருகிற அழைப்பை எடுக்கலாம். இங்கிருந்து யாருக்கும் எடுக்க முடியாது. சாவி அப்பாவின் சட்டைப்பையில். பில்லுக்குப் பயந்து போட்ட பூட்டு, பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டதாயிற்று. ஆனால் கெட்டிக்காரப் பெண்கள் அதற்கும் வழி கண்டார்கள். ரிசீவரை வைக்கும் இடத்திலுள்ள பொத்தானை விட்டுவிட்டுத் தட்டினால், ஐந்துக்கு ஐந்து தட்டு, மூன்றுக்கு மூன்று தட்டு என்று இலக்கம் விழும். ஒரு தட்டுப் பிசகினால் முன்பின் தெரியாத யாரோ 'ஹலோ' சொல்வார்கள்.

அதற்கும் வழியில்லாதவர்களுக்குக் கொப்பி இருந்தது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் பள்ளிக்குப் போகும்போது, கணக்குக் கொப்பியின் மட்டைக்கும் உறைக்கும் இடையில் கடிதம் பயணம் செய்யும். வெள்ளவத்தை சைவ மங்கையர் வித்தியாலயத்துக்கும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரிக்கும் இடையில் எத்தனை கொப்பிகள் இப்படிக் கைமாறின என்பது காலி வீதிக்குத்தான் தெரியும். கண்காணிப்பும் அதே பஸ்ஸில்தான் இருந்தது. பின் சீற்றில் இருக்கும் தெரிந்த மாமி, பொழுதுபடுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். "ஆர் பிள்ளை அந்தப் பெடியன்?" என்று அம்மா கேட்க, வீடு இரண்டுபடும்.

அந்தக் கேள்விக்குப் பெயர் மட்டும் சொன்னால் போதாது. எந்த ஊர், என்ன ஆட்கள் என்று அது நீளும். கொழும்புக்கு வந்தாலும் சாதி ஊரிலேயே தங்கிவிடவில்லை; பயணப்பெட்டிக்குள் சாதகக் கட்டோடு சேர்ந்து வந்திருந்தது. காவலூர் இராஜதுரையின் முயற்சியில், தர்மசேன பத்திராஜ இயக்கி 1977இல் வந்த 'பொன்மணி' படம் சாதி மாறிய காதலைத் திரையில் வைத்தபோது, அது பலருக்குப் பக்கத்து வீட்டுக் கதையாக இருந்தது. இன்னும் சொல்ல ஆசைப்பட்டவர்களுக்கு இலங்கை வானொலியின் 'இசையும் கதையும்' நிகழ்ச்சி இருந்தது. ஒருத்தி தன் சொந்தத் துயரத்தை வேறு பெயரில் கதையாக எழுதி அனுப்பி, நடுவே பாட்டோடு அது ஒலிபரப்பாகும்போது, ஒன்றும் தெரியாதவள்போல மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கலாம்.

பிறகு 1983 ஜூலைக் கலவரம் வந்தது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. பெடியன்கள் படித்த வகுப்பறைகளில் பெண்கள் குடும்பத்தோடு படுத்தெழும்பினார்கள். அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை, பிறகு இந்தியா, ஜெர்மனி, கனடா. அனெக்ஸ் முகவரிக்கு வந்த கடிதத்தைப் பெற்றுக்கொள்ள அங்கே யாரும் இருக்கவில்லை. சாதியும் சாதகமும் பிரிக்காத சோடிகளையும் அந்த ஒரு வாரம் பிரித்தது.

தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகள் நிறைந்தன. ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டு, பொலிஸ் பதிவுத் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பயணத் திகதிக்குக் காத்திருந்த குடும்பங்கள் அவை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் லொட்ஜுகளில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அப்படிப்பட்ட நாட்களில் ஒரு பெண் தன் மனதில் இருப்பதைச் சொன்னால், "உயிர் தப்புறதே பெரும்பாடு, உனக்கு இது ஒரு கேடா?" என்பதுதான் பதில். அந்தத் தலைமுறைப் பெண்களே இன்றைக்குப் பதினாறு வயதுப் பிள்ளைகளின் தாய்மார்.

இன்று அனெக்ஸ் இருந்த பல வளவுகளில் தொடர்மாடி. வெள்ளவத்தை வாடகை கட்டுப்படியாகாதவர்கள் தெகிவளைக்கும் களுபோவிலைக்கும் வந்தார்கள். மாமாவும் சித்தியும் இப்போது கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டன் ஹரோவிலும். வீட்டில் இருப்பது அம்மா, தம்பி, அம்மம்மா. அப்பா கட்டாரில். குடும்பச் சண்டைகூட வாட்ஸ்அப்பில்தான். இரவு பத்து மணிக்கு வீடியோ கோலில் அப்பா சத்தம் போட, அம்மா போனைக் கதிரையில் கவிழ்த்து வைத்துவிட்டு அழ, அறைக்குள் 'ஓ லெவல்' கொப்பியின் முன்னால் இருப்பவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் கையில் போனைக் கொடுத்தது வீடல்ல, கொவிட். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு வகுப்பு சூமுக்குள் போனபோது, 'படிக்கத்தானே' என்று வாங்கிக் கொடுத்த போன் பிறகு திரும்பி வரவில்லை. அவனுடைய இலக்கம் ஒரு தோழியின் பெயரில் பதிந்திருக்கும். செய்திகள் தாமாக அழியும்படி வைத்திருப்பாள். அம்மாவின் ஏற்பாடும் சளைத்ததல்ல. டியூஷனுக்கு பிக்மீ ஓட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு, அது எந்தச் சந்தியில் நிற்கிறது என்று குசினியில் இருந்தபடியே பார்ப்பார். பஸ்ஸில் இருந்த மாமியின் இடத்துக்கு ரொறொன்ரோவில் இருக்கும் மச்சாள் வந்துவிட்டாள். இன்ஸ்டகிராமில் அரைக் கை தெரிந்த ஒரு படத்தைப் பார்த்தே யாருடைய கை என்று சொல்லிவிடுவாள்.

அன்று கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டால் கதை முடிந்தது. இன்று ஒரு 'ஸ்கிரீன்ஷொட்' எத்தனை கைக்குப் போனது என்பது அவளுக்கே தெரியாது. கோபித்துக்கொண்டு போன ஒருவன் அதை வைத்துப் பயமுறுத்தவும் முடிகிறது. அன்றைய பெண்ணுக்கு இல்லாத புதிய பயம் இது.

மறையாத ஒன்றும் உண்டு: சாமத்திய வீடு. அன்று உறவினரோடு வீட்டில் முடிந்த சடங்கு இன்று மண்டபம், பல சேலை மாற்றல், வீடியோ, அல்பம் என்று வளர்ந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் 'பெரிய பிள்ளை ஆகிவிட்டாள்' என்று ஊரைக் கூட்டி மேடையில் வைக்கிறோம். பதினாறில் அவளுக்கு ஒரு மனம் இருப்பது தெரிந்ததும், "நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும்?" என்கிறோம்.

சட்டம் திருமண வயதைப் பற்றி ஓரளவு தெளிவாகவே பேசுகிறது. 1995க்கு முன் பொதுச் சட்டப்படி பெண்ணின் திருமணத்துக்குப் 12 வயது போதும். அந்த ஆண்டின் திருத்தம் அதை 18 ஆக்கியது. முஸ்லிம் தனியார் சட்டம் மட்டும் இதற்குள் வரவில்லை. மனம் எளிதில் உடைகிற வயதைப் பற்றிப் பேசும்போது, அதே 1995இன் இன்னொரு கணக்கும் நினைவில் இருக்க வேண்டும். இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளைத் தடை செய்ததும் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. கொந்தளிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் மனம் திரும்பிவிடுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2022 பொருளாதார நெருக்கடியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. அந்த ஒரே ஆண்டில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். அதிலிருந்து தொடர்மாடிகளில் ஒரே பேச்சு: "சோதனை முடிய வெளிக்கிடுவம்." அவளுடைய முதற்காதலுக்கும் குறுக்கே அதே வெளிநாடு. அன்று கப்பல், இன்று விசா. வித்தியாசம், அன்று பிரிவு ஒரேயடியாக வந்தது. காயம் மெல்ல ஆறியது. இன்று கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டினாலும் அவன் ஒன்லைனில் இருப்பது தெரிகிறது. பதில் மட்டும் வருவதில்லை.

கூட்டுக் குடும்பத்தின் நெரிசலைத் திரும்பக் கேட்க யாருக்கும் ஆசையில்லை. ஆனால் அந்த நெரிசலுக்குள், அம்மாவிடம் சொல்லக்கூடாததைக் கேட்டுக்கொள்ள ஒரு சித்தி இருந்தாள். இன்று அந்த இடம் காலி. அதை நிரப்ப வேண்டியவர்கள் அம்மாவும் அப்பாவும்தான். போனைப் பறிக்கும் முன் அவளிடம் கதை கேளுங்கள். குடும்பம் நாடு மாறுவது பற்றித் தீர்மானிக்கும்போது அவளையும் கதிரை போட்டு இருத்திக் கேளுங்கள். பதினாறில் வந்த காதல் நிலைக்க வேண்டியதில்லை. அதற்காக அவள் அடி வாங்க வேண்டியதும் இல்லை. யாராவது அடித்தாலோ படத்தைக் காட்டி மிரட்டினாலோ சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, மனம் தாங்காதபோது தேசிய மனநல நிறுவகத்தின் 1926. இரண்டையும் அவளுடைய போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.