நண்பனுக்கும் திறவாத கொட்டகை!

நேச நாடு என்றால் என்ன? இன்பத்திலும் துன்பத்திலும் பங்காளி என்பார்கள். அமெரிக்க வல்லரசின் நேசத்துக்கு மட்டும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை, நெவாடா பாலைவனத்துக் கொட்டகை ஒன்றின் கதவு!

எஃப்-117 என்றொரு போர்விமானம். ரேடார் கண்ணுக்கு எளிதில் சிக்காதபடி பட்டை பட்டையாகச் செதுக்கிய உடல்; ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சே அதன் தோல். 1981-இல் பறந்தது. அப்படி ஒன்று இருக்கிறதென்று ஒப்புக்கொள்ளவே 1988 ஆயிற்று! படைக்கெனக் கட்டியவை 59. 2008-இல் ஓய்வு கொடுத்தார்கள்.

பழைய விமானம் நண்பனுக்குப் போவது புதிதல்ல. 2024-இல் உக்ரைனுக்குச் சென்ற எஃப்-16 விமானங்கள், டென்மார்க்கும் நெதர்லாந்தும் ஓட்டிப் பழகியவைதாம். அதற்கும் அமெரிக்காவின் அனுமதி வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கியவன் ஒருவன். கைமாற்ற உத்தரவு தருகிறவன் இன்னொருவன்!

எஃப்-117 அப்படிப் போயிற்றா? இல்லை. ஒன்றுகூட எந்த நேச நாட்டுக்கும் விற்கப்படவில்லை. டோனோபா தளத்தில் பூட்டி வைத்தார்கள். சிலவற்றைப் பயிற்சிக்குப் பறக்கவிட்டார்கள். காட்சிசாலைக்குத் தந்தபோதும் தோலை உரித்துத்தான் தந்தார்கள்! அடுத்துவந்த எஃப்-22 விமானத்தை ஜப்பான் விரும்பியது. கிடைத்ததா? 1998-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திலேயே வெளிநாட்டு விற்பனைக்குத் தாழ் போட்டிருந்தார்கள்.

இரகசியம் எதிரியின் கைக்குப் போய்விடும் என்பது அவர்கள் கூறும் காரணம். போகாமலா இருந்தது? 1999 மார்ச் 27 இரவு, செர்பிய வானில் ஓர் எஃப்-117 வீழ்ந்தது. வீழ்த்தியது, 1960-களின் தொடக்கத்திலேயே சோவியத் படையில் சேர்ந்துவிட்ட பழைய வகை ஏவுகணை! சிதறிய துண்டுகள் பெல்கிரேடு காட்சிசாலைக்கே போய்விட்டன. மோதியவன் தொட்டுப் பார்க்கலாம். தோள் கொடுத்தவன் எட்டிப் பார்க்கவும் கூடாதாம்!

விற்கவில்லையே என்று நாம் கண்ணீர் வடிக்கவில்லை, தோழர்களே. கொலைக்கருவி குறைந்தால் உலகுக்கு நல்லதே. நாம் கேட்பது வேறு. இந்த இரகசியத்துக்கு விலை கொடுத்தவன் யார்?

அதே விமானம் முதன்முதலில் பறந்த குரூம் ஏரித் தளத்திலே பாடுபட்ட தொழிலாளர்களும், மாண்டுபோன இருவரின் மனைவியரும் 1994-இல் நீதிமன்றப் படியேறினர். நச்சுக் கழிவைத் திறந்த குழியிலே எரித்தார்கள், அந்தப் புகை எங்கள் உடலைக் கெடுத்தது என்றனர். எரித்தது என்ன பொருள் என்று தெரிந்தால்தானே மருத்துவன் மருந்து தருவான்? 1995-இல் குடியரசுத் தலைவர் கிளின்டன் கையெழுத்திட்டார். நியாயம் வழங்க அல்ல. தளத்தின் விவரத்தை வெளியிட வேண்டாம் என்று விலக்களிக்க!

விமானத்தின் தோலைக் காக்கச் சட்டம் உண்டு. தொழிலாளியின் தோலைக் காக்க நாதியில்லை!

பூட்டு ஒன்றுதான். அது நண்பனுக்கும் திறவாது, உழைத்தவனுக்கும் திறவாது. வல்லரசின் தோழமையை நம்பிப் படை திரட்டும் நாடுகள் இதை நெஞ்சில் நிறுத்தட்டும். கருவி உன் கொட்டகையில் இருக்கலாம். சாவி எவன் இடுப்பில் என்று பார்!