தகவல் துளி: பாட்டோடு சேர்ந்து வரும் எழுத்து

கார் வானொலியில் பண்பலை கேட்கும்போது திரையில் நிலையத்தின் பெயர் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இணையம் தேவையில்லை. ஆர்.டி.எஸ். என்னும் இந்த முறையை ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1984-இல் வகுத்தது. பாட்டைச் சுமந்து வரும் அதே ஒலிபரப்பில், நம் காதுக்கு எட்டாத 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில், நொடிக்கு 1187.5 பிட் வேகத்தில் தகவல் வருகிறது. நிலையப் பெயருக்கு 8 எழுத்து. பாட்டு, பாடகர் விவரங்களுக்கு 64 எழுத்து வரை இடமுண்டு.

நிலையங்கள் உரிய தகவலை அனுப்பினால் இன்னும் பயனுண்டு. நெடுந்தூரப் பயணத்தில் ஒலி மங்கும்போது, அதே நிகழ்ச்சி தெளிவாகக் கிடைக்கும் வேறு அலைவரிசைக்கு வானொலி தானே மாறிக்கொள்ளும். நீங்கள் பென்டிரைவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாலும், போக்குவரத்து அறிவிப்பு இடையில் ஒலிக்கும். உங்கள் வானொலியில் இவ்விரண்டுக்குமான ஏ.எஃப்., டி.ஏ. என்ற பொத்தான்கள் இருக்கின்றனவா? இன்றே அழுத்திப் பாருங்கள்.