மடிக்குள் சிக்கும் பங்குனி ஆமை



2025ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கத் தொடங்கின. சில வாரங்களில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. "மீனவர்கள் செய்த வேலை" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டவர்கள் பலர். கடற்கரைப் பங்குகளில் நாட்டுப்படகுக்காரரும் இருக்கின்றனர், விசைப்படகில் தொழிலுக்குச் செல்வோரும் இருக்கின்றனர். எனவே நடப்பது என்ன என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

ஆமைக்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான் உண்டு. மூச்சுவிட அது நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். இறால் பிடிக்கும் இழுவை வலையோ கடலடியில் மணிக்கணக்கில் இழுபடுகிறது. மடிக்குள் சென்ற ஆமை மேலே வர வழியின்றி மூச்சுத்திணறி இறக்கிறது. மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தின் உவமையில் மீனவர்கள் வலையைக் கரைக்கு இழுத்துவந்து, உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்கின்றனர். ஆமையைப் பொறுத்தவரை கரையில் பிரிப்பதால் பயனில்லை; கடலடியிலேயே பிரித்தாக வேண்டும்.

அதற்கும் கருவி உண்டு. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற ஆமை விலக்குக் கருவியை வடிவமைத்துள்ளது. மடிக்கு முன்னால் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம் அது. இறாலும் சிறுமீனும் கம்பிகளுக்கு இடையே நுழைந்து மடிக்குப் போகும். ஆமை சட்டத்தில் மோதிச் சரிந்து, அங்குள்ள திறப்பின் வழியே வெளியேறும். கூடவே பெரிய மீன் சிலவும் தப்பிவிடும் என்பதால் படகு உரிமையாளர்கள் தயங்குகின்றனர். டீசல் செலவோடு மல்லுக்கட்டுகிறவரின் தயக்கத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆனால் கருவி இல்லாததாலும் இழப்பு உண்டு. இதைக் காரணம் காட்டியே 2019இல் அமெரிக்கா, இந்தியக் கடலில் பிடித்த இறாலின் இறக்குமதியைத் தடைசெய்தது.

முட்டைகளைப் பொறுக்கிக் குஞ்சு பொரிக்க வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். நல்ல பணிதான். ஆனால் ஒரு தாய் ஆமை ஒருமுறைக்கு ஏறத்தாழ நூறு முட்டை இட்டாலும், ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து ஆளாகிறது என்பர். வலையில் இறப்பது அந்த ஒன்று.

இனி, விதிகளுக்கு வருவோம். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள். அது மீன்களின் இனப்பெருக்கத்திற்காக ஏற்பட்டது. பங்குனி ஆமைகளோ ஜனவரியிலேயே வரத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே அவற்றுக்குக் காவல், தூர விதிதான்: தமிழ்நாட்டில் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது. முட்டையிட வரும் ஆமைகள் கரையோரத்தில்தான் திரள்கின்றன. கட்டுமரமும் ஃபைபர் படகும் தொழில் செய்வதும் பெரும்பாலும் அங்கேதான். விசைப்படகு வந்து வலையை அறுத்துவிட்டுப் போனதால் எழும் சண்டைகள் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. ஆமையைக் காக்கும் விதியே சிறு மீனவரின் வலையையும் காக்கிறது. ஆமைக்காக மீனவர் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று பேசுவோர் இதைக் கவனிப்பதில்லை.

ஒடிசாவில் கஹிர்மாதா, தேவி, ருஷிகுல்யா ஆகிய முட்டையிடும் பகுதிகளையொட்டி, நவம்பர் முதல் மே வரை ஏழு மாதங்கள் கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை தடை விதிக்கப்படுகிறது. அத்தகைய தடையின் சுமை சிறு மீனவர்மீதும் விழும். நம் கரைக்கு அது வேண்டாம் என்றால், இருக்கிற 5 கடல் மைல் விதியைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துவதே வழி என்பது நம் கருத்து.

தொழிலுக்குச் செல்வோர்க்கு இன்னொரு செய்தி. வலையோடு ஏறிய ஆமை அசையாமல் கிடந்தால் இறந்துவிட்டது என்று உடனே கடலில் வீசிவிட வேண்டாம், மயங்கிக் கிடக்கலாம். அந்நிலையில் வீசினால் மூழ்கிவிடும். வயிறு தளத்தில் படுமாறு வைத்து, பின்பகுதியை அரையடி உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போட்டு வைத்தால் நுரையீரலில் புகுந்த நீர் வெளியேறும். தெளிய நான்கு மணிநேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். தெளிந்தபின் இன்ஜினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத பக்கமாகத் தலை முன்னே இருக்க மெல்ல நீரில் இறக்கிவிட வேண்டும்.