எழுத்து மாறாமல் அடங்கும் மரபணு

எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணு, அதாவது ஸ்டெம் செல், தன்னைப் போன்ற குருத்தணுவாகவும் பெருகும். சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ முதிரவும் செய்யும். இவற்றின் டிஎன்ஏ எழுத்து வரிசை ஒன்றேயாயினும், எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டைக் காக்கும் வழிகளுள் முதன்மையான ஒன்று மெத்திலேற்றம். ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் தொகுதி, பெரும்பாலும் அடுத்ததாகக் குவானின் வரும் சைட்டோசின் எழுத்தின்மீது குறியாக ஏறுகிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் இக்குறிகள் செறிந்தால், படியெடுக்க உதவும் புரதங்கள் அங்கே பற்ற முடியாமல் போவதோடு, குறியை இனங்கண்டு வரும் வேறு புரதங்கள் டிஎன்ஏவை இறுகச் செய்வதால், அந்த மரபணு அடங்கிவிடுகிறது.

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியின் ஜக்கார்டு அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு இழை உயர்வதும், துளை இல்லாத இடத்தில் தாழ்ந்தே கிடப்பதும் போன்றது இது. பாவு ஒன்றே, அட்டைக்கேற்ப உருவம் வேறு. செல் பிரியும்போது பழைய டிஎன்ஏ இழையில் உள்ள குறியைப் பார்த்துப் புதிய இழையிலும் அதே குறியை இடுவது டிஎன்எம்டி-1 என்னும் நொதி. குறியை அகற்ற வழி செய்பவை டெட் நொதிகள்.

கருவிலுள்ள குழந்தையின் சிவப்பணு மரபில் காமா குளோபின் மரபணு திறந்திருக்கும். பிறந்த சில மாதங்களில், மெத்தில் குறிகள் ஏறுவதோடு பிசிஎல்11ஏ போன்ற ஒடுக்கும் புரதங்களும் வந்து சேர அது அடங்கிவிட, ஹீமோகுளோபின் ஆக்கும் பணியைப் பீட்டா குளோபின் மரபணு ஏற்கிறது. பீட்டா மரபணு பழுதுற்ற தலசீமியா நோயாளியின் உடலில், பழுதற்ற காமா மரபணு இருந்தும் பயன்படாமல் கிடக்கிறது. வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் செய்துவரும் எலும்பு மஜ்ஜை மாற்றே இந்நோய்க்கு நெடுங்காலம் நிலையான தீர்வாக இருந்தது. ஆனால் அதற்குப் பொருத்தமான கொடையாளர் வேண்டும்.

அடங்கிய காமா மரபணுவை எழுப்ப, 1982இல் அமெரிக்க மருத்துவர்கள் கடுமையான தலசீமியா கொண்ட ஒருவருக்கு டிஎன்எம்டி-1ஐ முடக்கும் அசாசைட்டிடின் மருந்தை 7 நாள் கொடுத்தபோது, காமா குளோபின் ஆக்கம் தற்காலிகமாக ஏறக்குறைய 7 மடங்கு உயர்ந்தது. எனினும் அம்மருந்து டிஎன்ஏ முழுவதிலும் குறிகளைக் குறைப்பதோடு செல்களையும் கொல்வதால், பலன் குறிநீக்கத்தாலேயே விளைந்ததா என்ற ஐயம் நீடித்தது. ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வில், டிஎன்ஏ எழுத்துகளை வெட்டாமல் காமா மரபணுவின் தொடக்கத்தில் மட்டும் குறியை அகற்றியபோது அது இயங்கியது. குறியை மீண்டும் ஏற்றியபோது அடங்கியது. ஆகவே மெத்தில் குறி, மரபணு அடங்கியதன் வெறும் தடயமன்று, அதை அடக்கும் காரணங்களுள் ஒன்று என்பது உறுதியாயிற்று. ஆயுள் முழுதும் குருதி ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் குழந்தைகளுக்கு, டிஎன்ஏவை வெட்டாத ஒரு சிகிச்சையை நாடுவதற்கான அடித்தளமும் இதனால் கிடைத்திருக்கிறது.