பேய்கிட்ட மட்டும்தான் கேட்டாங்க

எங்க வீட்டுச் சின்னவளுக்கு எட்டு வயசு. பேய்க்கதைன்னா உயிர். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, "அப்பத்தா, நெஜமா நடந்த பேய்க்கதை சொல்லுங்க" என்று நச்சரிப்பாள். போன மாதம் அம்மா சொன்னது எங்கள் குடும்பத்திலேயே நடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், புதுக்கோட்டைப் பக்கம் எங்க ஊர். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில். சித்தி மட்டும் ஊரில், பதினோரு பேர் இருந்த கூட்டுக் குடும்பத்தில். முதலில் எழுந்திருப்பது அவங்க, கடைசியில் சாப்பிடுவதும் அவங்க. "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார்களாம்.

ஒருநாள் உச்சி வெயிலில் கண்மாய்க்கரைக்கு விறகு பொறுக்கப் போனவங்க, வெறுங்கையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாங்க. மாமியார் அதட்டினதும், தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஆம்பளைக் குரலில், "எனக்குக் கறிச்சோறு போடுடீ!" என்றார்களாம். புளியமரத்து முனி அடிச்சிருச்சு என்று ஊரே கூடிவிட்டது.

அதுவரை அவங்க முகத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள்கூட சுற்றி உட்கார்ந்தார்கள். திருப்பூருக்குத் தந்தி போனது, சித்தப்பா ஓடி வந்தார். கோடாங்கி உடுக்கை அடித்து, "யாரு நீ? உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். முனி கறிச்சோறு கேட்டது, சுருட்டு கேட்டது, புதுச்சீலை கேட்டது. கடைசியில் அம்மா வீட்டுக்குப் போகணும் என்றது. எல்லாம் தருவதாகச் சத்தியம் செய்து, சித்தியின் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து, புளியமரத்தில் ஆணி அடித்த பிறகுதான் முனி இறங்கியது.

என் மகள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பத்தா, முனிக்கு எதுக்குச் சின்னப்பத்தாவோட அம்மா வீடு?"

அம்மாவிடம் பதில் இல்லை. எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை. நான் சாஃப்ட்வேர் ஆள். ஒன்று புரியாவிட்டால் தோண்டிப் பார்க்கிற பழக்கம்.

ஐ. எம். லூயிஸ் என்ற மானுடவியலாளர் 1971-ல் எழுதிய புத்தகத்தில் கிட்டத்தட்ட இதையே பேசுகிறார். சோமாலியாவில் பெண்களைப் பிடிக்கும் 'சார்' ஆவிகள் புதுத்துணி, வாசனைத் திரவியம், நல்ல சாப்பாடு எல்லாம் கேட்கும். கணவன்தான் வாங்கித் தரவேண்டும். குரல் இல்லாதவர்களுக்கு ஆவி குரலாகிறது என்பது அவர் வாதம். தமிழ்நாட்டிலேயே ஆய்வு செய்த இசபெல் நபோகோவ், 2000-ல் வந்த தன் புத்தகத்தில் வேறு மாதிரி பார்க்கிறார். இங்கே பேய் பெரும்பாலும் பிடிப்பது புதுப்பெண்களை. ஆனால் பேயோட்டும் சடங்கு அவளைத் திரும்பவும் மனைவி என்ற அதே இடத்தில்தான் கொண்டுபோய் உட்கார வைக்கிறது என்கிறார் அவர்.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது மலேசியா. எழுபதுகளில் கிராமங்களிலிருந்து மலாய்ப் பெண்கள் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் குனிந்து சிப் வேலை. திடீரென்று ஒருத்தி லென்ஸுக்குள் பேயைப் பார்த்து அலறுவாள், அடுத்தடுத்து பலர் அலறுவார்கள், வேலை நின்றுபோகும். நிர்வாகம் மந்திரவாதியைக் கூப்பிட்டு ஆடு வெட்டியது. அடிக்கடி அப்படி ஆனவர்களை வேலையைவிட்டு அனுப்பவும் செய்தது. இதை ஐவா ஓங் 1987-ல் புத்தகமாக எழுதினார். அங்கேயும் பேயைச் சமாதானப்படுத்தத்தான் ஓடினார்கள். அந்தப் பெண்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்க அந்த அவசரம் இல்லை.

இவர்கள் யாரும் நடித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை. வாயால் சொல்ல முடியாததை உடம்பு சொல்கிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் என் வீட்டு விஷயம் வருகிறது. பெரியவனுக்கு இந்த வருடம் பள்ளி நுழைவுத் தேர்வு. கோச்சிங், மாதிரித் தேர்வு, அவன் சாப்பாடு, அவன் தூக்கம், எல்லாமே அவனைச் சுற்றித்தான். சின்னவளுக்கு மூன்று மாதமாக வியாழக்கிழமை சாயங்காலம் வயிற்றுவலி. டாக்டரிடம் இரண்டு முறை காட்டினோம், பரிசோதனையில் ஒன்றும் இல்லை. "சமத்து, தொந்தரவே தராது" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிற பிள்ளை அவள். வியாழக்கிழமைதான் நான் பெரியவனை கோச்சிங் அழைத்துப் போகும் நாள். வயிற்றுவலி என்றால் அன்று மட்டும் நான் வீட்டில் அவள் பக்கத்தில் இருப்பேன்.

நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒரு 'தொந்தரவு தராத' ஆள் இருப்பார். பிள்ளையாக இருக்கலாம், ஆறு மாத விசாவில் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அம்மாவாக இருக்கலாம். வலி என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்க, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் "ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய்விடாதீங்க. நான் அப்படித்தான் செய்தேன்.

சித்திக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று அம்மாவைத் தனியாகக் கேட்டேன். ஒரு மாதம் எல்லோரும் தாங்கினார்களாம். அப்புறம் பழையபடி "ஏ புள்ள". மறுவருடம் முனி திரும்ப வந்தது. அதற்குப் பிறகு சித்தப்பா அவங்களைத் திருப்பூருக்கே அழைத்துப் போய்விட்டார். முனி வரவே இல்லை.

"கோடாங்கி கேட்டாரு, என்ன வேணும்னு. ஒரே அடுப்படியில நின்ன நான் ஒருநாளும் கேக்கலியேப்பா" என்றார் அம்மா.

போன புதன்கிழமை ராத்திரி, வயிற்றுவலி வருவதற்கு முன்னாலேயே, சின்னவளிடம் கேட்டேன்: "உனக்கு என்னடா வேணும்?" முதலில் "ஒண்ணும் வேணாம்" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அண்ணா இல்லாம, நீயும் நானும் மட்டும் பஸ்ல எங்கயாவது போகணும்."

வரும் சனிக்கிழமை போகிறோம். எங்கே என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.