நாயின் மூக்கும் பக்கத்து வயலும்

வயலை ஒட்டிய வீட்டில் வளரும் நாய் அடிக்கடி வரப்பில் வந்து நிற்கும். பக்கத்து நிலத்தின் பக்கம் மூக்கை உயர்த்தி மோந்து பார்க்கும். அடுத்து என்ன பயிர் வரப்போகிறது என்று யோசிப்பதுபோலவே இருக்கும். வரும் பருவத்தை நினைத்துக் கணக்குப் போடும் திறன் நாய்க்கு உண்டென்று நிறுவப்படவில்லை. ஆனால் அன்றன்று அந்த நிலத்தில் நடப்பதை மனிதரைவிட நுட்பமாக அது அறிகிறது.

மனித மூக்கில் மணம் உணரும் செல்கள் ஏறத்தாழ 50 லட்சம். நாய்க்கு அவை 10 கோடிக்கும் மேல். சில இனங்களில் 20 கோடியைத் தாண்டும். மோப்பம் பிடிக்கும்போது அது நொடிக்கு ஐந்து முறை வரை மூச்சை இழுக்கும். சிவப்பும் பச்சையும் அதன் கண்ணுக்குப் பிரித்தறிய முடியாதவை. நீலமும் மஞ்சளும் தெரியும். ஆகவே பயிரின் பச்சையைவிட மண்ணின் வாடையே அதற்கு அதிகம் சொல்கிறது.

காவிரி டெல்டாவில் அந்த வாடை பருவத்துக்குப் பருவம் மாறும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பது மரபு. தண்ணீர் உரிய நேரத்தில் வந்தால் குறுவை நெல்; தாமதமானால் பம்புசெட் இல்லாத விவசாயி குறுவையை விட்டுவிட்டு, அடுத்த நெல் பருவமான சம்பாவுக்குக் காத்திருப்பார். காத்திருக்கும் நிலத்தில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவதும் உண்டு. அப்போது மட்கும் தழையின் நெடி வரப்பைத் தாண்டி வீசும்.

நடவுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்துவிடும். ஏக்கருக்கு 8 சென்ட் என்ற கணக்கில் வயலின் ஒரு மூலையில் நாற்றங்கால் தயாராகும். விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறவைத்து, வைக்கோலால் மூடி வைப்பார்கள். முளை கட்டும்போது சாக்குக்குள் சூடு ஏறி, லேசான புளித்த வாடை வரும். நாய் அந்தச் சாக்கைச் சுற்றி வரும். சேற்று உழவு தொடங்கினால் டிராக்டருக்குப் பின்னால் கொக்கும் மடையானும் இறங்கும், நாயும் ஓடும். தை மாதத்தில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கப்படும். மண்ணில் மிஞ்சிய ஈரத்திலேயே அவை விளைந்துவிடும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் கோடையில் பருத்தி, எள் என்று போவார்கள்.

பக்கத்து வயலில் எது விளையப்போகிறது என்பது நாயின் உயிரோடும் தொடர்புடையது. எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு கலந்த இரையை நாய் தின்றால், வயிற்று அமிலம் பட்டு பாஸ்பீன் என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்குத் தனி முறிமருந்து கிடையாது. புரோமடியோலோன் வகை எலி மருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கும். சில நாள் கழித்தே சோர்வும் இரத்தக்கசிவும் தெரியும். வைட்டமின் கே1 அதற்கு மருந்து. உரமாகப் போடும் ஆமணக்குப் பிண்ணாக்கை நாய் விரும்பித் தின்னும். அதில் இருக்கும் ரிசின் கொடிய நஞ்சு. பூச்சிமருந்து கலந்த விதையும், மருந்து தெளித்த வயல் தண்ணீரும் ஆபத்தானவையே.

ஆகவே நாய் வளர்ப்பவர் பக்கத்து விவசாயியிடம் பேசி வைத்துக்கொள்வது அவசியம். என்ன பயிர், எப்போது விதைப்பு, எந்த நாளில் மருந்தடிப்பு, எங்கே எலி மருந்து வைக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், அந்த நாட்களில் நாயைக் கட்டிவைக்கலாம். நாற்றங்காலை நாய் மிதித்துப் பாழாக்காமல் இருப்பது விவசாயிக்கும் நல்லது. நாய் எதையாவது தின்றுவிட்டால், வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மருந்துப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவமனைக்குப் போக வேண்டும்.